தீவனம் போடாத நாள்

மீன் தீவனக் கம்பெனி தரும் அட்டவணையில் எல்லாம் இருக்கும். மீனின் எடை இவ்வளவு என்றால் நாளுக்கு இத்தனை சதவீதம், காலையில் ஒரு பங்கு, மாலையில் ஒரு பங்கு. இன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது. மூட்டை விற்கிறவர் அதை ஏன் அச்சடிக்கப் போகிறார்? அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் குட்டைக்காரர்தான். அதிலும் ஆந்திராவின் குப்பம் ஊர்க் குட்டைக்காரருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும்.

ஆந்திர மீன் என்றதும் நம் நினைவுக்கு வரும் ஊர்கள் கொல்லேரு ஏரியைச் சுற்றியுள்ள கைகலூரு, ஆக்கிவீடு, பீமவரம். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவின் தாழ்ந்த பூமி அது. வாய்க்கால் நீர், ஏக்கர் கணக்கில் விரிந்த குளங்கள், ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பான தண்ணீர். உள்நாட்டு மீன் உற்பத்தியில் ஆந்திரா நாட்டிலேயே முதலிடத்தில் நிற்பதற்கு அந்த மண்தான் காரணம். தீவன அளவு, வேளை, மீனின் வயதுக்கேற்ற சதவீதம் என இன்று புழங்கும் கணக்குகளில் பெரும்பாலானவை அங்கே பழகியவை.

குப்பம் அதே மாநிலத்தின் மறுகோடி. தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து ஒட்டும் மூலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர். மார்கழி, தை விடியற்காலையில் இங்கே குட்டை நீர் சில்லிட்டுக் கிடக்கும். தண்ணீருக்கோ ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்ப வேண்டும். பாலாறு இந்தப் பக்கமாகத்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது; ஆண்டில் பல மாதம் அது மணல்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் ஹந்திரி-நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாய் வழியே கிருஷ்ணா நீர் பரமசமுத்திரம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு நேரில் வந்து நீருக்கு ஆரத்தி எடுத்தார். ஸ்ரீசைலத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த தண்ணீர் அது. ஏரியில் நீர் நின்றால் அடுத்து அதில் மீன் விடும் பேச்சு வரும். டெல்டாவின் அட்டவணையை இங்கே அப்படியே ஒட்டிவிடலாம் என்று நினைத்தால்தான் சிக்கல்.

முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு குட்டையில் 1,000 கெண்டை, ஒவ்வொன்றும் 250 கிராம். மொத்தம் 250 கிலோ மீன். உடல் எடையில் 3 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 7.5 கிலோ தீவனம், மாதத்துக்கு 225 கிலோ. வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் இந்த ஓர் இனத்துக்கே போய்விடும். வாரத்தில் ஒருநாள் போடாமல் விட்டால் மாதம் 30 கிலோ மிச்சம். அந்த 30 கிலோவால் கிடைத்திருக்க வேண்டிய வளர்ச்சியும் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. போகிறதா, இல்லையா என்பதைப் பற்றித்தான் உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது.

பணத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று தண்ணீருக்குள் நடக்கிறது. 28 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிலோ போட்டால், அதில் சுமார் 4.5 கிலோ நைட்ரஜன் இருக்கும். மீனின் சதையாக மாறுவது அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி 3 கிலோவும் சொச்சமும் செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும், தின்னாமல் கரைந்த தீவனமாகவும் அதே நீரில் தங்கிவிடுகிறது. நீர் கைவசம் இருக்கும் டெல்டாவில் பழைய நீரை வடித்துப் புதிய நீர் பாய்ச்சிக் கொஞ்சம் சமாளிக்கலாம். போர் தண்ணீரை எண்ணி எண்ணி இறைக்கும் ஊரில் குட்டை நீரை மாற்றுவது நடக்கிற காரியமா? இங்கே தீவனத்தைக் குறைப்பது சிக்கனம் மட்டுமல்ல, தண்ணீரைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.

கறவை மாட்டுக்கு ஒருவேளை தீனி தவறினால் அன்றைய பாலிலேயே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வந்த விவசாயிக்கு மீனைப் பட்டினி போடச் சொன்னால் மனசு ஒப்பாது. ஆனால் மீனின் உடல் வேறு மாதிரி அமைந்தது. தன் உடம்பைச் சூடாக வைத்திருக்க அது எதையும் செலவழிப்பதில்லை. நீரின் சூடுதான் அதன் சூடு. உயிரோடு இருக்க மட்டும் அதற்குத் தேவைப்படும் ஆற்றல் கால்நடையின் தேவையில் சிறு பங்குதான். தீனி கிடைக்காத முதல் நாட்களில் கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுக்கும். பிறகு குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு. அதுவும் தீர்ந்து நாட்கள் நீண்டால்தான் சதையில் கை வைக்கும். நன்றாக வளர்ந்த கெண்டைக்கு ஓரிரு நாள் பட்டினி ஒரு பொருட்டே அல்ல.

அதே கெண்டைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எதற்குமே இரைப்பை கிடையாது. தின்றது நேராக நீளமான குடலுக்குள் போகிறது. விரால், கெளுத்தி போல ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று வைத்துக்கொண்டு மெல்லச் செரிக்கும் வசதி அதற்கு இல்லை. ஆகவே கெண்டைக்கு 7.5 கிலோவையும் காலையில் ஒரே வீச்சில் கொட்டிவிட்டுப் போவது, போடாமல் விடுவதைவிட மோசம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தரவேண்டும்.

இதைக் கொல்லேரு விவசாயிகள் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். குளத்தில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஓட்டை போட்ட சாக்குப் பைகளில் எண்ணெய் எடுத்த தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பித் தொங்கவிடுவார்கள். பசித்த மீன் பையை முட்டும். ஓட்டை வழியே தவிடு கசியும். தேவையான அளவு தின்னும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படகில் போய்ப் பைகளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பை காலியாகிக் கிடந்தால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். பாதி அப்படியே இருந்தால் மீனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது, இல்லையென்றால் தண்ணீருக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். சாக்குப் பைதான் அங்கே தெர்மாமீட்டரும் ஸ்டெதாஸ்கோப்பும். தூளாகத் தீவனத்தை வீசிவிட்டுப் போகிறவருக்கு இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது. சிறு குட்டையில் நான்கு மூலையிலும் மூலைக்கு ஒரு தட்டு கட்டி இறக்கினாலும் போதும், அதே வேலையைச் செய்யும்.

நேரம் என்று வரும்போது கடிகாரத்தைவிடச் சூரியனைப் பார்ப்பது நல்லது. பச்சை நிறக் குட்டை நீரில் பகலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவெல்லாம் பாசியும் மீனும் அடிமண்ணும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கும். விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் நேரம் அதுதான். நம்மூரில் பலர் அதைப் பார்த்துவிட்டு, பாவம் பசிக்கிறது என்று தீவனத்தை அள்ளிப் போடுவார்கள். மீன் கேட்பது காற்று. கையில் விழுவது தவிடு.

தின்ற பிறகு மீனின் ஆக்சிஜன் தேவை கிடுகிடுவென ஏறும். செரிப்பதற்கும் புரதத்தைச் சதையாக்குவதற்கும் உடல் கூடுதலாக உழைக்கிறது. தின்று சில மணி நேரத்தில் தேவை ஏறத்தாழ இருமடங்குகூட ஆகலாம். செவுளிலிருந்து அம்மோனியா அதிகமாக வெளியேறுவதும் அதே நேரத்தில்தான். மாலை 6 மணிக்கு வயல் வேலை முடித்து வந்து தீவனம் போட்டால், மீனின் தேவை ஏறும் நேரமும் நீரில் ஆக்சிஜன் இறங்கும் நேரமும் நேருக்கு நேர் மோதும். காலை வெயில் ஏறி 9, 10 மணிக்கு முதல் வேளை, பிற்பகல் 3, 4 மணிக்குள் இரண்டாம் வேளை என்று வல்லுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் மீன் நன்றாகத் தின்னும். 3-க்குக் கீழே போனால் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வானம் மூடிக் கிடக்கும் நாளில் பாசிக்கு வேலை இல்லை, ஆக்சிஜனும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் மூன்று நாளும் தீவன மூட்டைக்கு விடுமுறை. அதனால் எந்தக் கெண்டையும் இளைத்துவிடாது.

குளிரும் அப்படித்தான். நீர் 25 பாகை செல்சியஸிலிருந்து 32 வரை இருந்தால் கெண்டைக்கு நல்ல பசி. 20-க்குக் கீழே இறங்கினால் பசி வெகுவாக மங்கும், செரிமானமும் மந்தமாகும். குப்பம் பீடபூமியில் டிசம்பர், ஜனவரியில் குட்டைக்குள் ஒரு தெர்மாமீட்டரை இறக்கிப் பார்க்காமல் 3 சதவீதக் கணக்கில் போடுகிறவர், அந்தத் தீவனத்தில் பெரும்பகுதியை அடிச்சேற்றுக்குத்தான் போடுகிறார். குப்பம் இருக்கும் சித்தூர் மாவட்ட மேட்டுப் பகுதிக்கென்று தனியாக ஒரு குளிர்காலத் தீவன அட்டவணை ஒரே பக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்தால், மானியத்தைவிட அது அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

இனி, பட்டினியை ஒரு தொழில்நுட்பமாகவே ஆக்கிய கதைக்கு வருவோம். அதுவும் ஆந்திராவின் கதைதான்.

சாதாரணமாக விரல் நீளக் குஞ்சை வாங்கிக் குளத்தில் விடுவார்கள். பாதியைப் பறவையும் பாம்பும் விராலும் கொண்டுபோகும். டெல்டா விவசாயிகள் வேறு வழி பிடித்தார்கள். குஞ்சுகளைச் சிறு குளத்தில் மிக நெருக்கமாக விட்டு, உயிர் நிற்கும் அளவுக்கு மட்டும் தீனி கொடுத்து, பல மாதம், சிலசமயம் ஓராண்டு வரை வளரவிடாமல் நிறுத்திவைப்பார்கள். வயது ஏறும், எடை ஏறாது. ஓராண்டு ஆனாலும் 100 கிராமைச் சுற்றியே நிற்கும். பிறகு அவற்றைப் பெரிய குளத்தில் தாராளமாக இடம் விட்டு இறக்கி நன்றாகத் தீனி போடுவார்கள். இழந்த நாட்களைத் துரத்திப் பிடிப்பதுபோல் மீன் வளரத் தொடங்கும். அதிலும் ரோகு மளமளவென வளரும். குளத்தில் பெரும்பங்கு ரோகு, மீதி கட்லா என்பது அங்கே எழுதாத சட்டம். இப்படி வளர்ச்சி நிறுத்திய ஓராண்டுக் குஞ்சுதான் ஆந்திரக் கெண்டைத் தொழிலின் அஸ்திவாரம். பனிக்கட்டி போட்ட பெட்டிகளில் லாரி லாரியாக மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் போகும் மீன், தன் முதல் ஆண்டை அரைவயிற்றில் கழித்த மீன்.

பருவ ஏரிகள் நிறைந்த குப்பத்துக்கு இந்த உத்தி இன்னும் பொருத்தம். ஏரியில் ஐந்தாறு மாதம்தான் தண்ணீர் நிற்கும் என்றால், விரல் நீளக் குஞ்சை விட்டு எப்போது ஒரு கிலோ ஆக்குவது? நீர் வருவதற்கு முன்பே, போர் தண்ணீர் கட்டிய ஒரு சிறு குட்டையில் குஞ்சுகளை நெருக்கமாக வைத்துக் காத்திருக்கலாம். ஏரி நிறைந்ததும் 100 கிராம் மீனாக இறக்கினால் கொக்குக்கும் தப்பும், நீர் வற்றுவதற்குள் விற்கும் அளவும் எட்டும். ஏரியில் யாரும் தீவனம் போடுவதில்லை. அங்கே உள்ள இயற்கைத் தீனியே அவற்றுக்குப் போதும். பசியோடு வந்த மீனுக்கு அது விருந்து.

ஏன் இப்படித் துரத்திப் பிடிக்கிறது? பட்டினி கிடந்து மீண்டும் தீனி கண்ட மீன் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்கிறது. தின்றதைச் சதையாக்கும் திறமையும் கொஞ்ச நாள் கூடியிருக்கும். டாப்சன், ஹோம்ஸ் என்ற இருவர் 1984-ல் வானவில் டிரவுட் மீனில் இதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று வாரம் பட்டினி, மூன்று வாரம் தீனி என்று மாற்றி மாற்றி வளர்த்த மீன், தினமும் தின்ற மீனுக்கு எடையில் இளைக்கவில்லை. அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. 1997-ல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஹேவர்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கலப்பினச் சூரியமீனில் செய்த சோதனை எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டது: சிலநாள் பட்டினி, பிறகு தீனி என்ற சுழற்சியில் வளர்ந்தவை தினசரி தின்றவற்றைவிட இருமடங்கு வேகத்தில் வளர்ந்தன.

யூடியூபில் மீன் வளர்ப்பு சொல்லித்தருகிறவர்கள் இந்த இடத்தில் காணொளியை நிறுத்திவிடுவார்கள். கதை அங்கே முடியவில்லை. அந்தச் சோதனையில் ஒவ்வொரு மீனும் தனித்தனி அறையில் இருந்தது. அதே குழு 2000-ல் மீன்களைக் கூட்டமாக வைத்து மீண்டும் செய்து பார்த்தபோது அந்த அதிசயம் நடக்கவில்லை. கூட்டத்தில் வலுத்தது முந்தித் தின்னும். இளைத்தது ஒதுங்கி நிற்கும். குளம் என்பது கூட்டம்தானே? பட்டினி போட்டால் மீன் இருமடங்கு வளரும் என்று யாராவது சொன்னால், தனி அறையிலா குளத்திலா என்று கேளுங்கள்.

குளத்தில் நடந்த சோதனைகளில் எனக்கு நம்பிக்கை தருவது பிலிப்பைன்ஸில் நடந்தவை. மத்திய லூசான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெமெடியோஸ் பொலிவாரும் அவர் குழுவினரும் விவசாயிகளின் குளங்களிலேயே செய்தார்கள். திலேப்பியாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீவனம். 2006-ல் வெளியான முடிவின்படி தீவனச் செலவு ஏறத்தாழ பாதியானது. மகசூலில் சொல்லும்படியான இறக்கம் இல்லை. இன்னொரு சோதனையில் குஞ்சு விட்ட பிறகு தீவனம் தொடங்குவதையே ஏறத்தாழ இரண்டரை மாதம் வரை தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள், அதுவும் பலித்தது. காரணம் மாயம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய குளங்களில் உரம் போட்டுப் பச்சை நீர் வளர்த்திருந்தார்கள். தீவனம் விழாத நாளில் திலேப்பியா பாசியை மேய்ந்தது. தீவனம் நின்றது; தீனி நிற்கவில்லை. பச்சை இல்லாத, தார்ப்பாய் விரித்த தெளிந்த தொட்டியில் இதே வேலையைச் செய்தால் மீன் நிஜமாகவே பட்டினி கிடக்கும். குப்பத்தில் தோட்டக்கலைக்காக வெட்டிப் பாலிதீன் விரித்த பண்ணைக்குட்டைகளில் மீன் விடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும்.

தீனியை நிறுத்தாமலே செலவைக் குறைக்கும் இன்னொரு வழி நம் பக்கத்திலிருந்துதான் வந்தது. இலங்கையின் ருகுணு பல்கலைக்கழகத்தில் இருந்த சேன டி சில்வா 1985-ல் ஒரு யோசனையை முன்வைத்தார். மீன் தினமும் ஒரே அளவு புரதத்தைச் செரிப்பதில்லை, ஏறி இறங்குகிறது. அப்படியானால் தினமும் விலையுயர்ந்த புரதத் தீவனம் எதற்கு? ஒருநாள் அதிகப் புரதம், மறுநாள் குறைந்த புரதம் என்று மாற்றி மாற்றித் திலேப்பியாக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; வளர்ச்சி குறையவில்லை. இதைக் கேட்டு மங்களூரு மீன்வளக் கல்லூரியில் எம்.சி. நந்தீஷாவும் அவருடன் பணியாற்றியவர்களும் சாதாக் கெண்டை, கட்லா, ரோகுவில் சோதித்தார்கள். அங்கும் பலித்தது, தண்ணீரில் சேரும் நைட்ரஜனும் குறைந்தது. நந்தீஷா பின்னாளில் தமிழ்நாட்டில் மீன்வளக் கல்விப் பணியில் இருந்தபோது 2012-ல் காலமானார். அவர் விட்டுச்சென்ற இந்த எளிய உத்தி ஏன் இன்னும் பரவவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். ஒருநாள் கம்பெனித் தீவனம், மறுநாள் தவிடும் கடலைப்புண்ணாக்கும். கடலை விளையும் சித்தூர் சீமையில் இதைவிடச் சுலபமான பரிசோதனை எது?

நோய் என்று வந்தால் பட்டினிக்கு இரண்டு முகம் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கெளுத்திக் குளங்களில் குடல் வழியாகத் தொற்றும் ஒரு பாக்டீரியா நோய் நீர் 20 முதல் 28 பாகை வரை இருக்கும் பருவத்தில் தலைகாட்டும். அப்போது அங்குள்ள விவசாயிகள் தீவனத்தை நிறுத்துவார்கள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். மீன் தீவனத்துக்காகக் கூடி நெருக்கியடித்து, கிருமி கலந்த நீரையும் சேர்த்து விழுங்குவது அதனால் குறைகிறது, சாவும் குறைகிறது. ஜப்பானிலும் சிவப்புக் கடல்பிரீம் மீனைத் தாக்கும் வைரஸ் நோயின்போது தீனியை நிறுத்திப் பலரும் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே அமெரிக்கக் கெளுத்தியை முன்கூட்டியே பட்டினி போட்டு வைத்துவிட்டு, தோலையும் செவுளையும் அரிக்கும் காலம்னாரிஸ் கிருமியிடம் விட்டபோது, வயிறு நிறைந்த மீனைவிடப் பசித்த மீன்தான் அதிகம் செத்தது. தோலின் மேல் உள்ள வழவழப்புக் காப்பைப் புதுப்பிக்கவும் உடம்புக்குத் தீனி வேண்டும் போலிருக்கிறது. ஆக, நோய் வந்தால் நிறுத்து என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த நோய் என்று முதலில் தெரிய வேண்டும்.

1988-ல் இந்தியாவுக்குள் வந்து கெண்டையையும் விராலையும் உடம்பெல்லாம் புண்ணாக்கிய பூஞ்சை நோய் குளிர்மாதங்களில்தான் அதிகம். குப்பம் போன்ற மேட்டுப் பகுதிக்கு அது நீண்ட பருவம். அப்போது தேவையில்லாமல் தீவனத்தைக் கொட்டி நீரைக் கெடுப்பது நோய்க்குப் பந்தல் போடுவதற்குச் சமம். மருந்து கலந்த தீவனத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம்: நோயுற்ற மீன் தின்னாது. மருந்தைத் தின்பது நலமாக இருக்கும் மீன்.

பட்டினி போடவே கூடாத இடங்களும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன நுண்குஞ்சுக்குச் சேமிப்பு என்று உடம்பில் ஒன்றும் கிடையாது. ஒருநாள் தவறினாலே கூட்டமாகச் சாகும். விரால் குஞ்சைப் பசியில் விட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். காலையில் எண்ணினால் பாதிதான் இருக்கும். சினைப்பிடிக்கும் பருவத்துத் தாய்மீனும் அப்படியே.

மற்றபடி, எல்லா மீனுக்கும் வாழ்க்கையில் இரண்டு முறையாவது பட்டினி கட்டாயம் உண்டு. ஒன்று, குஞ்சாக ஊர் மாறும்போது. பண்ணையில் வலையிழுத்துப் பிடித்த குஞ்சுகளை ஹாப்பா என்கிற கொசுவலைத் தொட்டிலில் நெருக்கி விடுவார்கள். முதல் சில மணி நேரத்தில் தண்ணீர் கலங்கும். குடலில் இருந்ததெல்லாம் வெளியே வரும். மேலிருந்து நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள், இரண்டு நாள் தீனி கிடையாது. பிறகு பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மேலே ஆக்சிஜன், முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு அட்டைப்பெட்டிக்குள் நுழைத்து ராத்திரி வண்டி ஏற்றுவார்கள். இந்தப் பட்டினியைத் தவிர்த்து அவசரத்தில் அடைத்த பையை விடியற்காலை பிரித்தால் நுரை தட்டிய நீரும், அம்மோனியா நெடியும், வெளுத்த வயிற்றோடு மிதக்கும் குஞ்சுகளும்தான் மிஞ்சும். வாங்குகிறவர் பண்ணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, கடைசியாக எப்போது தீனி போட்டீர்கள் என்பதுதான். கொண்டுவந்து விட்ட அன்றே தீவனத்தைத் தூவாமல் ஒருநாள் பொறுப்பதும் நல்லது. பயணக் களைப்பில் அவை தின்னாது.

இரண்டாவது, அறுவடைக்கு முந்தின நாள். குறைந்தது 24 மணி நேரம் குடல் காலியாக இருந்த மீன் வலை நெருக்கலில் குறைவாகத் தவிக்கும். செத்த பிறகு வயிறு சீக்கிரம் வெடிக்காது. பனிக்கட்டியில் கூடுதல் நாள் நிற்கும். எடைக்கு விற்கிற சரக்கு ஆயிற்றே என்று முந்தின இரவு வயிறு நிரம்பப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குடலில் இருக்கும் தவிட்டுக்கு மீன் விலை வாங்கும் சாமர்த்தியம் அது. வியாபாரி ஒருமுறை ஏமாறுவார். மறுமுறை அந்தக் குட்டை மீனுக்கு கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைத்துத்தான் கேட்பார்.

2020-ல் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்ததும் 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியத்தோடு பயோஃப்ளாக் தொட்டிகள் இங்கும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் முளைத்தன. சில கனமீட்டர் தண்ணீரில் நூற்றுக்கணக்கான கிலோ மீனை வைக்கும் அந்த முறையில் தீவனம் கூடிப்போவதற்கும் மீன் சாவதற்கும் இடையே சில மணி நேரம்தான். மின்சாரம் போய் ஏரேட்டர் நின்றால் அங்கே முதலுதவி தீவனத்தை நிறுத்துவது. பச்சைக் குட்டையில் ஒருநாள் தவறைத் தண்ணீர் மன்னிக்கும், தொட்டியில் மன்னிக்காது.

இத்தனைக்கும் பிறகு நடைமுறையில் மிஞ்சும் சிக்கல் கூலியாள். குட்டைக்குச் சொந்தக்காரர் பெங்களூருவில் வேலை பார்ப்பார். காலையும் மாலையும் தீவனம் போட ஒருவரை அமர்த்தியிருப்பார். மூட்டை தீர்ந்தால் வேலை நடந்தது என்று கணக்கு. தீராவிட்டால் திருடியதாகச் சந்தேகம். மழைநாளில் போடாமல் மிச்சம் வைத்த ஆளுக்குப் பாராட்டுக் கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும். அதனால் அவர் போட்டுத் தீர்க்கிறார். இதை மாற்ற ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, காலை நீரின் சூடு, தட்டில் மிஞ்சியது, வானம் எப்படி, போட்ட அளவு. 15 நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு இருபது முப்பது மீனை நிறுத்து எழுதிய எடை பக்கத்தில். போடாத நாளுக்கு எதிரே சுழியமும் காரணமும். அந்தச் சுழியங்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க முதலாளி தயாராக இருக்க வேண்டும்.